சம்பந்தி வீட்டாருக்கு ஊர் காட்டிய நாள்

அந்தக் கோழியை நீங்களே எடுங்கள், ஐயா. மரக்கறிதான் கேட்டிருந்தேன், அந்தப் பணிப்பெண் பிள்ளை மாற்றிக் கொண்டுவந்துவிட்டாள். பாவம், ஒரு பிளேன் முழுக்க அவளுக்கு எத்தனை பேரின் வாய். எனக்கு இந்த பிரெட்டும் பட்டரும் போதும், நாங்கள் பாண் என்போம். விரதமில்லை. துடக்கு. உங்கள் பக்கம் தீட்டு என்பீர்கள், எல்லாம் ஒன்றுதான். என் அண்ணா செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, அதற்குத்தான் போகிறேன்.

இல்லை இல்லை, முகத்தை அப்படி வைக்காதீர்கள். அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, ஒரு நியாயம் கேட்கத்தான். அண்ணாவின் மகன் நேசன் நேற்றுப் போனில் ஒன்று சொன்னான். அது சரியா பிழையா என்று யாரிடமாவது கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். டோகாவில் இறங்கினால் நீங்கள் சென்னைக்கு, நான் கொழும்புக்கு. இனி ஒருவரை ஒருவர் காணப்போவதில்லை. நியாயம் கேட்க அப்படிப்பட்ட ஆள்தான் நல்லது. சொந்தக்காரனிடம் கேட்டால் அவன் யார் பக்கம் என்று கேட்க முதலே தெரிந்துவிடும்.

என் பெயர் பேரின்பநாதன். பேர்னில் இருக்கிறேன், சுவிஸின் தலைநகரம். ஆனால் ஊர் எப்படி என்று கேட்டால் இரவில் எப்படி என்றுதான் சொல்லத் தெரியும். ரயில் பெட்டி துப்பரவாக்குகிற வேலை. சனம் வீட்டுக்குப் போகிற நேரம் நான் வேலைக்குப் போவேன், சனம் வேலைக்கு வருகிற நேரம் நான் போர்வைக்குள். பகல் என்பது எனக்கு யன்னல் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சத்தம். சீட்டுகளில் பயணிகள் விட்டுப்போகிற புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து படிப்பேன். எந்த மணிக்கூட்டுக் கோபுரத்தை யார் கட்டினார், எந்தச் சிலை எந்தக் காலம், எல்லாம் அதில் படித்ததுதான். பாதிப்பேருக்கு நான் வழி சொல்லுவேன், போய்ப் பார்த்திருக்கமாட்டேன்.

எனக்கு ஒரே மகள், சாம்பவி. அவளுக்கு லண்டனில் ஒரு இடம் சரிவந்தது. நல்ல பிள்ளை, அவளுக்கும் பிடித்துவிட்டது. ஒருமுறை நாள் வைத்து, மாப்பிள்ளையின் அப்பம்மா செத்ததால் தள்ளிப்போனது. அப்போதே மாப்பிள்ளையின் தாய் மங்களேஸ்வரி என் மனைவியிடம் சொல்லிவிட்டார்: "அக்கா, இது முதல் தடை. இன்னொருக்காத் தடைப்பட்டா நான் இந்தச் சம்பந்தத்தை நினைச்சும் பாக்கமாட்டன். எனக்கு ஒரே பொடியன்." சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நம்பலாமா, சொல்லுங்கள்.

மறுபடி நாள் வைத்தோம். அவர்கள் பேர்னுக்கு வந்து ஒரு வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். ஞாயிறு காலை பொன்னுருக்கு, வெள்ளி கலியாணம். பொன்னுருக்கு என்றால், தாலிக்கு வேண்டிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பத்தர் வந்து உருக்குவது. அதற்கு எங்களிடம் ஒரு சட்டம் உண்டு, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். பொன் உருகுவதற்கு முன் குடும்பத்தில் சாவு என்றால் கலியாணம் நிற்கும். உருகின பிறகு சாவு என்றால் துடக்கு ஏறாது, கலியாணம் நடக்கும். ஆனால் தாலி ஏறும்வரை அந்தச் செத்தவீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.

அண்ணா சனிக்கிழமை விடியச் செத்தார்.

நான் வேலை முடிந்து தண்டவாளத்துப் பக்கம் கையுறையைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன், நேசனின் போன் வருகிறது. "சித்தப்பா, அப்பா போயிட்டார். ஆஸ்பத்திரியிலை, இப்பத்தான்." எனக்கு வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "ஆருக்கெல்லாம் சொன்னனீ?"

"ஒருத்தருக்கும் இல்லை. முதல் உங்களுக்குத்தான்."

"சொல்லாதை."

நான் விளக்கிச் சொன்னேன். எங்களில் கேட்டால்தான் துடக்கு, ஐயா. காதால் ஏறுகிற சாமான். கேட்டவன் நான் ஒருவன், அது என்னோடு இருக்கட்டும், நாளைக்குப் பொன் உருகும்வரை. "உடம்பை வீட்டை கொண்டு வராதை. ஆஸ்பத்திரியிலையே இருக்கட்டும். ஆரும் கேட்டா, ஆஸ்பத்திரியிலை இருக்கிறார் எண்டு சொல்லு. அது பொய் இல்லைத்தானே?"

"அம்மா?"

"அண்ணியை அழாமல் பாத்துக்கொள். வேலிக்கு அங்காலை கேக்கும்."

எங்கள் கரவெட்டி எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே ஒரு வீட்டில் ஒப்பாரி தொடங்கினால், அது முடிய முதல் லண்டனில் ஒருவர் போனை எடுத்து "என்ன, ஆள் போட்டுதோ?" என்று கேட்பார். அதனால்தான் சொன்னேன். கெட்ட எண்ணத்தில் இல்லை.

வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு அடக்கத் தெரியாது, வீடு முழுக்கப் பலகாரம் சுடுகிற பெண்கள். முகம் கழுவினேன், புதுச் சேட்டுப் போட்டேன். அன்றைக்குத்தானே சம்பந்தி வீட்டாருக்கு ஊர் காட்டுகிறதாக ஏற்பாடு. வேறு யாரையாவது அனுப்பலாமே என்பீர்கள். மங்களேஸ்வரியே கேட்டது அது: "அண்ணைதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போகவேணும், அவருக்குத்தான் எல்லாம் தெரியும்." புத்தகம் படித்த புண்ணியம்.

முதலில் கோயில். பேர்னில் பல மதத்தவரும் பகிர்ந்துகொள்ளுகிற ஒரு கட்டிடத்துக்குள் எங்கள் கோயிலும் இருக்கிறது. துடக்கோடு உள்ளே கால் வைக்கலாமா? வாசலில் நின்றுவிட்டேன். "காலிலை நோ. சப்பாத்துக் கழட்ட ஏலாது."

"என்ன அண்ணை, நாளைக்குப் பொன்னுருக்கு, இண்டைக்குப் பிள்ளையாரைக் கும்பிடாமலோ?" என்று மங்களேஸ்வரி கையைப் பிடித்து இழுக்காத குறை. சம்பந்தி குலவீரசிங்கம் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தினார். "விடும் அவரை. கால் நோகுது எண்டால் நோகுதுதானே. நீர் போம்."

இந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். லண்டனில் பெட்ரோல் நிலையம் நடத்துகிறவர், ஆட்களை ஏவி ஏவிப் பழகிவிட்டது. முதல்நாள் வரை என்னோடு பகிடியும் சிரிப்புமாக இருந்தவர் அன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயிலுக்கு வராததற்குக் கோபம் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் தகப்பன், காட்டத்தானே செய்வார்.

ட்ராமில் ஏறிப் பழைய நகரத்துக்குள் போனோம். மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே சனக்கூட்டம், எல்லாரும் தலையை அண்ணாந்துகொண்டு. மணி அடிக்கச் சற்று முன் அதில் ஒரு சேவல் கூவும், கரடிகள் சுற்றிவரும், ஒரு கோமாளி மணியை ஆட்டுவான். நான் படித்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். வாய் தன்பாட்டில் வேலை செய்தது. அதற்கு அடுத்த சதுக்கத்தில் ஒரு நீரூற்றுக்கு மேலே ஒரு பூதம், குழந்தையை வாய்க்குள் திணித்துத் தின்கிறது. கையில் ஒரு சாக்கு, அதற்குள்ளும் குழந்தைகள். மங்களேஸ்வரி நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, இதை ஏன் நடு றோட்டிலை வைச்சிருக்கினம்? நல்ல காரியத்துக்கு வந்த இடத்திலை!" உடனே போனை எடுத்தார். படம் எடுக்கத்தான் என்று நினைத்தேன். இல்லை. அவருக்கு ஒரு பழக்கம்: மரண அறிவித்தல் பார்ப்பது. எங்கள் ஆட்கள் உலகம் முழுக்கச் சிதறிப்போனதால், செத்தவர்களின் படத்தோடு அறிவித்தல் போனில் வரும். இன்னாரின் அன்புச் சகோதரரும், கனடா, லண்டன், சுவிஸ் என்று யார் யார் எங்கே என்பது வரைக்கும் இருக்கும். மங்களேஸ்வரிக்குத் தேத்தண்ணீர் இல்லாவிட்டாலும் இருக்கலாம், இது இல்லாமல் இருக்க ஏலாது.

"அண்ணை, நீங்கள் கரவெட்டிதானே? இஞ்ச பாருங்கோ, கரவெட்டியிலை ஒரு ஆள்."

ஐயா, அந்தப் பூதத்தின் வாய்க்குள் என்னைத் திணித்தது போல இருந்தது. போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு கிழவி. எனக்குத் தெரியாத கிழவி. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அடக்க முடியாத சிரிப்பு. மங்களேஸ்வரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். குலவீரசிங்கம் வந்து அந்தப் போனை என் கையிலிருந்து பறித்தார்.

"அதை என்னட்டைத் தாரும். என்ர போனிலை சார்ஜ் இல்லை, படம் எடுக்கவேணும்."

"இஞ்சாருங்கோ, இப்பத்தானே உங்கடையிலை படம் எடுத்தனீங்கள்?"

"சொன்னால் கேளும்."

சட்டைப்பைக்குள் போட்டவர் பிறகு திருப்பிக் கொடுக்கவே இல்லை. கட்டின பெண்ணுக்கு ஒரு போனைக்கூட விடாத ஆள். என் மகள் இந்த வீட்டுக்குத்தானே போகப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் மனதுக்குள் ஒரு நன்றி, போன் அவரிடம் இருந்தால் எனக்கு நல்லதுதானே.

பிறகு கரடி பார்க்கப் போனோம். ஆற்றங்கரைச் சரிவில் கரடிகளை விட்டிருக்கிறார்கள். அண்ணா வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் கேட்பார்: "டேய், அங்க கரடி நிக்குதாமே, ஒரு நாளைக்குப் போய் எனக்குக் காட்டன்." அண்ணா பஸ் ஓட்டினவர், பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வாழ்க்கை முழுக்க. என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினதும் அவர்தான். நான் "நித்திரை வருகுது அண்ணை, பிறகு பாப்பம்" என்பேன். இரவு வேலை செய்கிறவனுக்குக் கரடி பார்க்க எங்கே நேரம். அன்றைக்குக் கரடி தண்ணீருக்குள் இறங்கி, முதுகைத் தேய்த்து, எழும்பி நின்று, ஒரு குறையுமில்லாமல் காட்டியது. மங்களேஸ்வரி கைதட்டினார். நான் படம் எடுத்தேன். எடுத்த கையோடு அண்ணாவின் இலக்கத்துக்கு அனுப்பப் போய்விட்டேன், பாருங்கள், பழக்கமில்லாத பழக்கம்.

மத்தியானம் சாப்பாடு. இந்த நாட்டில் ஒரு சாப்பாடு, சீஸை ஒரு சட்டியில் உருக்கி நடுவில் அடுப்போடு வைப்பார்கள். நீளக் கம்பியில் பாண் துண்டைக் குத்தி எல்லாரும் அதே சட்டிக்குள் தோய்த்துத் தின்ன வேண்டும். மங்களேஸ்வரி லண்டனில் இருக்கும்போதே அதைத்தான் தின்பேன் என்று முடிவெடுத்துவிட்டு வந்தவர். "இண்டைக்குச் சீஸ் உருக்கு, நாளைக்குப் பொன்னுருக்கு" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

யோசியுங்கள். ஒரே சட்டி. துடக்குக்காரன் நான். கோயிலில் கும்பிட்டுத் திருநீறோடு இருக்கிறார்கள் அவர்கள் இரண்டு பேரும். நான் தோய்த்தால் அவர்களுக்குத் துடக்குச் சோறு போட்ட மாதிரி. தோய்க்காவிட்டால் கூட்டிவந்தவனே சாப்பிடவில்லை. மங்களேஸ்வரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணை தொடாட்டி நானும் தொடமாட்டன்" என்கிறார். குத்தினேன். பாண் கம்பியிலிருந்து கழன்று சட்டிக்குள் விழுந்து மூழ்கிவிட்டது. அங்கே ஒரு வழக்கம், பாணை விழுத்தினவன் தண்டம் கட்ட வேண்டும். "அண்ணை மாட்டிக்கொண்டார்! அண்ணை பாட்டுப் பாடவேணும்!" என்று அவர் துள்ளுகிறார். பக்கத்து மேசை வெள்ளைக்காரர்களும் சிரித்துக் கைதட்டுகிறார்கள். அண்ணா பிண அறையில் கிடக்கிறார், நான் பாட்டுப் பாட வேண்டும்.

குலவீரசிங்கம் கையை உயர்த்திப் பரிசாரகனைக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்குத் தனியாக அவித்த உருளைக்கிழங்கும் சலாதும் வந்தது. "இவருக்குச் சீஸ் ஒத்துவராது, முகத்தைப் பார்த்தாலே தெரியுது. நீர் சாப்பிடும், பாட்டுக் கச்சேரியைப் பிறகு வைப்பம்." எனக்குச் சுருக்கென்றது. தன் சட்டியில் கை வைக்க எனக்குத் தகுதியில்லை என்கிற மாதிரி. இரண்டு பேரும் ஒரு சட்டியில், ரயில் கழுவுகிறவன் தனித் தட்டில். பெண்ணைக் கொடுக்கிறவன் விழுங்கத்தானே வேண்டும். கிழங்கோடு சேர்த்து விழுங்கினேன்.

நடுவில் போன் அதிர்ந்தது. மலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு எடுத்தேன். நேசன். "சித்தப்பா, அம்மா வாய்க்குள்ளை சேலைத் தலைப்பை அடைஞ்சுகொண்டு இருக்கிறா. பக்கத்து வீட்டு ஆக்கள் வந்து, மனுசனுக்கு எப்பிடி எண்டு கேக்கினம். அவ 'பரவாயில்லை' எண்டு சொல்லுறா. சித்தப்பா, என்னாலை பாக்க ஏலாமல் கிடக்கு."

"நாளைக்கு மத்தியானம் வரைதானடா."

"ஓம் சித்தப்பா. நீங்கள் என்ன செய்யிறியள் இப்ப?"

சாப்பிடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? "வேலையாய் நிக்கிறன்" என்றேன். வெளியில் மங்களேஸ்வரியின் சிரிப்பு. அது போனுக்குள்ளும் கேட்டிருக்கும்.

கடைசியாகப் பெரிய தேவாலயம். அதன் கோபுரத்தில் ஏறினால் பனிமலை தெரியும். அதுவும் சாமி இருக்கிற இடம்தானே, நான் உள்ளே போகவில்லை. பக்கத்தில் மரநிழலில் இருக்க நீள வாங்குகள் போட்டு, கீழே ஆறு தெரிகிற மாதிரி ஒரு வெளி இருக்கிறது. அங்கே உட்கார்ந்துவிட்டேன். "அண்ணைக்கு வேதக்கோயிலும் ஆகாதோ!" என்று சொல்லிக்கொண்டே மங்களேஸ்வரி ஏறப் போனார். அந்தச் சரீரத்தோடு அந்தப் படிகளை ஏறுகிற தைரியம் யாருக்கும் வராது. இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, அன்றைக்கு முதல்தடவையாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தேன். சந்தோசமாக இருக்கிற முகம் எவ்வளவு பாரம் தெரியுமா, ஐயா? கழற்றி மடியில் வைத்த மாதிரி இருந்தது.

பக்கத்தில் யாரோ இருக்கிறது போலத் தெரிந்து திரும்பினால் குலவீரசிங்கம்.

"நீங்கள் ஏறேல்லையோ?"

"அவ ஏறட்டும். இறங்கி வரக் கொஞ்ச நேரம் எடுக்கும்."

ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கீழே பிள்ளைகள் ஆற்றில் குதித்து ஓட்டத்தோடு மிதந்து போனார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, செத்தவீட்டுக்குப் போகிற ஆட்கள் பந்தலில் இருந்து எப்படிக் கேட்பார்களோ, அதே மாதிரிக் கேட்டார்:

"என்ன வருத்தம் அவருக்கு?"

வருத்தம் என்றால் எங்களில் நோய், அண்ணாவைத்தான் கேட்கிறார்.

"என்ர மருமகன் அந்த ஆஸ்பத்திரியிலைதான் வேலை. கோயில் வாசலிலை நிக்கேக்க மெசேஜ் வந்தது. என்ன வருத்தம்?"

"நெஞ்சு" என்றேன். "சீனி வருத்தமும் இருந்தது."

"கன நாளோ?"

"ஒரு கிழமைதான் கிடந்தவர்."

"வயது?"

சொன்னேன். "போற வயது இல்லை" என்றார். எல்லாரும் சொல்கிறதுதான். எல்லாச் செத்தவீட்டிலும் சொல்கிறதுதான். ஆனால் ஐயா, அந்த மூன்று கேள்வியையும் யாராவது கேட்டால்தான் ஆள் செத்ததாகிறது போல. எனக்கு நெஞ்சுக்குள்ளிருந்து ஒன்று கிளம்பி வந்தது. அவர் என் துடையில் கையை வைத்து அமத்திப் பிடித்தார்.

"இஞ்சை வேண்டாம். அவ வந்திடுவா."

அடக்கினேன்.

"அவவுக்குத் தெரிஞ்சால் இந்தக் கலியாணம் நடவாது, எனக்கு அவவைத் தெரியும். பொடியன் சாப்பிடாமல் கிடப்பான், அவனையும் எனக்குத் தெரியும். நாளைக்குப் பொன் உருகட்டும். மத்தியானத்துக்குப் பிறகு வந்து, இப்பத்தான் கேள்விப்பட்ட மாதிரி எங்களுக்குச் சொல்லுங்கோ. நான் திடுக்கிடுவன்."

அப்படியே சொன்னார். நான் திடுக்கிடுவன். அன்று முழுக்க அந்த மனிதரைத் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். போனைப் பறித்ததும், தனித் தட்டு எடுத்ததும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. மங்களேஸ்வரி மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, "என்ன ரெண்டு பேரும் செத்தவீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கிறியள்?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஞாயிறு பொன் உருகியது. நல்ல வடிவாக, தெறிக்காமல் உருகியது என்று பத்தரே சொன்னார். மத்தியானம் போய்ச் சொன்னேன். குலவீரசிங்கம் கதிரையிலிருந்து எழும்பி, "என்ன! எப்ப?" என்று திடுக்கிட்டார். என்னைவிட நன்றாகச் செய்தார். மங்களேஸ்வரி என் மனைவியைக் கட்டிப்பிடித்து உண்மையாகவே அழுதார். வெள்ளிக்கிழமை கலியாணம். சாம்பவி வடிவாக இருந்தாள். பெரியப்பா எப்போது செத்தார் என்று கேட்டாள், ஞாயிறு மத்தியானம் என்று சொன்னேன். அறிவித்தலிலும் ஞாயிறு என்று போடு என்று நேசனுக்குச் சொல்லியிருந்தேன், போட்டான். செத்தவீட்டுக்கு நான் போக முடியாது, சட்டம் அப்படி. அவன் வீடியோ அனுப்பினான், அதையும் பார்க்கக்கூடாதே. கலியாணம் முடிந்த பிறகுதான் எனக்குத் துடக்கே தொடங்கியது. மீன் இறைச்சி விட்டேன், தாடி விட்டேன், பாருங்கள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

இப்போது நேசன் சொன்னதைச் சொல்லுகிறேன். நேற்று வேலைக்குக் கிளம்புகிற நேரம் அவனுக்குப் போன் எடுத்து, செவ்வாய் காலை வந்து இறங்குவேன், கிரியைக்குப் பிந்தமாட்டேன் என்று சொன்னேன். அவன் சொல்கிறான்: "சித்தப்பா, திங்கள்தான் முப்பத்தொண்டு. நீங்கள் வரேக்க கீரிமலைக் கடற்கரையிலை எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"ஒரு நாள் தள்ளி வையடா, நான் தம்பியெல்லே?"

"கேட்டனான். உங்களுக்காக அப்பாவை ஒருக்கா வைச்சிருந்தது போதுமாம் எண்டு அம்மா சொல்லுறா."

இன்றைக்குத் திங்கள், ஐயா. இந்தப் பாணை நான் பிய்க்கிற நேரம் அங்கே சாம்பலைக் கடலில் விட்டுத் தலை முழுகி முடிந்திருக்கும். கூடப்பிறந்தவன் வருகிறான் என்று தெரிந்துகொண்டே செய்கிறார்கள். நியாயமா, நீங்கள் சொல்லுங்கள். நான் என்ன வேண்டுமென்றா பிந்தினேன்? டிக்கெட் போடும்போது விரல் மடித்து எண்ணித்தான் போட்டேன். ஞாயிறிலிருந்துதான் எண்ணினேன். சனி என்று எனக்கு நினைவே வரவில்லை. இப்போதும் பாருங்கள், அண்ணா எப்போது செத்தார் என்று நீங்கள் சட்டென்று கேட்டால், ஞாயிறு என்றுதான் எனக்கு வாயில் வரும்.